தயக்கத் தகடு

மூடியை மாட்டி முடித்துவிட்டுப் பார்த்தால், மேஜைமேல் ஒரு திருகாணி மிச்சமிருந்தது.

"இது எங்க இருந்து வந்துச்சு?" என்று கேட்டார் மாமனார். நாற்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மிச்சம் வந்தால் லேசில் விடமாட்டார்.

"இது உபரி சார்" என்றான் மருமகன். "அந்தக் காலத்துக் கம்பெனிக்காரங்க ஒண்ணு கூடுதலாவே போட்டு வெப்பாங்க. நல்ல மனசு."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்: உபரித் திருகாணி, ஒன்று.

மெஷின் ஒரு கம்பி ரெக்கார்டர். டேப் வருவதற்கு முன்னால், தலைமுடி போன்ற மெல்லிய எஃகுக் கம்பியில் குரலைப் பதிவு செய்த காலத்துச் சரக்கு.

"உலகத்துலயே இந்த மாடல் நாலுதான் இருக்கு" என்று வாத்தியார் சொல்லியிருந்தார். "அதுல மூணு காணாமப் போச்சு. என் சின்ன வயசுக் குரல் இதுல இருக்கு. கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவை கேட்டுடணும்."

இதைக் கேட்ட பிறகு யாருக்குத்தான் உண்மையைச் சொல்ல மனசு வரும்? உண்மை என்னவென்றால், மருமகனுக்கு மெஷினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பிரிண்டர் பழுது பார்க்கும் கம்பெனியில் அவனுக்கு டெலிபோன் எடுக்கும் வேலை. "ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க" என்று ஒரு நாளைக்கு எண்பது பேருக்குச் சொல்வான். அதில் பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுவதால், தன் திறமைமேல் அவனுக்கே கொஞ்சம் மரியாதை உண்டு.

வீட்டுக்குத் தெரியாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து இரண்டு வருடமாக வாத்தியார் மகளோடு பேசவில்லை. அவர் நடக்கப் போகும் நேரம் பார்த்து மாமியார் மட்டும் திருட்டுத்தனமாகப் போன் செய்வார். அப்படி ஒரு போனில்தான், "உங்கப்பாவோட மெஷின் ஓடமாட்டேங்குது. உன் வீட்டுக்காரர் பெரிய மெக்கானிக்குன்னு சொன்னியே, வந்து பார்ப்பாராம்மா?" என்று கேட்டார்.

"மெக்கானிக்குன்னு எதுக்குடி சொன்னே?" என்று இவன் அலறினான்.

"பின்னே, போன் எடுக்கறவர்னா சொல்ல முடியும்?" என்றாள் மனைவி. பிறகு குரல் இறங்கிவிட்டது. "மெஷின் ஓடிட்டா அப்பா என்கிட்ட பேசிடுவாருப்பா. எப்படியாவது ஓட வெச்சுடேன்."

அதற்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை, இந்தத் திருகாணி. அவன் வந்தபோது மெஷின் முனகிக்கொண்டாவது இருந்தது. அவன் கை வைத்ததும் அதுவும் நின்றது.

"என்ன ஆச்சு மெக்கானிக்?" என்றார் வாத்தியார். அவனை அப்படித்தான் கூப்பிட்டார். மாப்பிள்ளை என்று கூப்பிட்டால் கல்யாணத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

"தயக்கத் தகடு சார்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படின்னா?"

"சக்கரம் சுத்தலாமா வேணாமான்னு முடிவு பண்றதே இந்த இடது பக்கத் தகடுதான். இது தயங்கிட்டா எல்லாம் நின்னுடும். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துடறேன்."

வாத்தியார் அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு தயாராக உட்கார்ந்திருந்தார். "போன வாரம் தயக்கத் தகடு இடது பக்கம்னு சொன்னீங்க. இப்ப வலது பக்கம் காட்டறீங்களே?"

"சூடானா இடம் மாறும் சார்."

"இன்னும் சூடாகவே இல்லையே?"

"அதான் சார் பிரச்சினையே."

மேற்கொண்டு கேள்வி வருவதற்குள் அவன் அவசரமாக எதையோ எதிலோ செருகிச் சுவிட்சைப் போட்டான். சக்கரம் சுற்றியது. பின்பக்கமாக, வெறி பிடித்த மாதிரி சுற்றியது. ஒரு மைலுக்கு மேல் நீளமுள்ள கம்பி சுருள் சுருளாக எகிறி வெளியே வந்து, நாற்காலிக் காலில், ஜன்னல் கொக்கியில், வாத்தியாரின் கண்ணாடியில், காபி கொண்டுவந்த மாமியாரின் வளையலில் எல்லாம் மாட்டிக்கொண்டது. பிளக்கைப் பிடுங்கிய பிறகு நாலு பேரும், அதாவது மெஷினையும் சேர்த்து, அசையாமல் இருந்தார்கள்.

"இதுக்கு என்ன பேரு மெக்கானிக்?" என்று கம்பிக்குள்ளிருந்து வாத்தியார் கேட்டார்.

"கம்பி விடுதலைன்னு சொல்லுவாங்க சார். ஆயிரத்துல ஒரு மெஷினுக்குத்தான் வரும்." ஒரு சுருளைக் கையில் அள்ளிக்கொண்டான். "இதை மறுபடி சுத்தணும்னா இன்னொரு ஆள் வேணும். மெல்லிசு விரலா இருந்தா தேவலை."

"மெல்லிசு விரல் உள்ளவ இந்த வீட்டுல ஒருத்தி இருந்தா" என்று மாமியார் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

வாத்தியார் வெகுநேரம் கண்ணாடியிலிருந்து கம்பியை எடுத்துக்கொண்டிருந்தார். "அவளுக்கு வழி மறந்திருக்காதுன்னு நினைக்கிறேன்" என்றார் கடைசியில்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். யாரும் வா என்று சொல்லவில்லை. வாத்தியார் கம்பியின் ஒரு முனையை எடுத்து நீட்டினார். அவள் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து வாங்கிக்கொண்டாள்.

எதிரும் புதிருமாக உட்கார்ந்து இருவரும் சிக்கெடுத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"கொஞ்சம் தளர்த்து" என்றார் அப்பா. இரண்டு வருடத்தில் முதல் பேச்சு.

"போதுமாப்பா?"

"இன்னும் கொஞ்சம்."

மாமியார் சமையலறைக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். மருமகன், மெக்கானிக்குகள் அழக் கூடாது என்று பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"நான் சின்ன வயசுல இதைப் பார்த்ததே இல்லையேப்பா?" என்றாள் மகள்.

"பரண்ல இருந்துச்சு."

"பரண்ல என் சைக்கிள்தானே இருந்துச்சு?"

"சைக்கிளுக்குப் பின்னால" என்றார் வாத்தியார். மாமியாருக்கு இருமல் வந்தது.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை, வருவது வரட்டும் என்று மருமகன் அந்த உபரித் திருகாணியை எடுத்து, காலியாக இருந்த ஒரே ஓட்டையில் முறுக்கினான். ஒரு தடவை ஆஃப் பண்ணி, ஆன் பண்ணினான். தினமும் எண்பது பேருக்குச் சொன்ன மந்திரம் அவனுக்கே பலித்துவிட்டது. சக்கரம் சாதுவாகச் சுற்றியது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, இது ஓடுதா? எனக்கென்னமோ ஓடலைன்னுதான் தோணுது."

ஒரு பெண்ணின் குரல். எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள்.

"யாருப்பா இது?" என்றாள் மகள்.

"நான்தான்."

"பொம்பளைக் குரலா இருக்கே?"

"சின்ன வயசுல தொண்டை மெல்லிசா இருந்துச்சு" என்றார் வாத்தியார். முகத்தில் சந்தோஷமே இல்லை. "சரியாயிடுச்சுன்னா... இனிமே ஞாயித்துக்கிழமை நீங்க வரவேண்டிய..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மருமகன் கணக்குப் போட்டுப் பார்த்தான். பெரியவரின் குரலைத் தான்தான் அழித்துவிட்டோம். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அவர் இப்படிப் பொய் சொல்கிறார். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"மாமா, என்னை மன்னிச்சுடுங்க. நான் மெக்கானிக்கே இல்லை. போன் எடுக்கற வேலை. கம்பியைக் கண்டபடி ஓடவிட்டு உங்க குரலை நான்தான் அழிச்சுட்டேன். இவமேல கோபப்படாதீங்க. உங்ககிட்ட பேசணும்னுதான் இவ ஒரு பொய் சொன்னா. மிச்சப் பொய்யெல்லாம் நான் சொன்னது."

மகள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். மறுபடி வாசல் சாத்தப்படப் போகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

வாத்தியார் நோட்டைப் புரட்டினார். நாலு பக்கம் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது.

"அப்ப தயக்கத் தகடுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதா?"

"கிடையாது மாமா."

"நல்ல பேரா இருந்துச்சே மாப்பிள்ளை" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டு மகள் நிமிர்ந்தாள். அப்பா என்ன சொல்லிவிட்டார் என்று அப்பாவுக்கே அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது வாசலில் மணி அடித்தது.

மாமியார் பதறிப்போய், "நான் பார்த்துக்கறேன், நீங்க யாரும் வராதீங்க" என்று ஓடுவதற்குள் மகள் கதவைத் திறந்துவிட்டாள். பழைய சாமான் கடைக்காரர், தூசி படிந்த ஒரு பெரிய பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி மூச்சு வாங்கினார்.

"வாத்தியார் சார், போன மாசம் எடுத்துட்டுப் போனீங்களே, அதே மாதிரி ஓடாத மெஷினா இன்னொண்ணு கேட்டீங்கல்ல, கிடைச்சிடுச்சு! உங்க மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரு வருஷம் விடாம வந்தாலும் இதைச் சரி பண்ண முடியாது, அதுக்கு நான் பொறுப்பு!"