இதற்கு மேல்தான் வேகமில்லை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. மற்ற அனைத்தையும் கம்பெனியின் விளம்பரப் பிரிவு கண்டுபிடித்தது. அந்தப் பிரிவின் தூண் ஒருவர் உண்டு. பட்டம் சூட்டாமல் ஒரு நாற்காலியைக்கூட அவரால் குறிப்பிட முடியாது என்பதால், அலுவலகம் அவருக்கு 'அடைமொழி' என்று பெயர் வைத்திருந்தது.

புதிய கம்ப்யூட்டர் ப்ராசசரின் வெளியீட்டு விழாவுக்கு வாசகம் வேண்டி, மேலாளர் 'அவசர உயர்மட்டக் கூட்டம்' கூட்டினார்.

"போன வருஷத்து ப்ராசசருக்கு என்ன சொன்னோம்?"

"'இதற்கு மேல் வேகமில்லை'ன்னு சொன்னோம் சார்," என்றார் அடைமொழி, அடக்கமாக. அது அவருடைய படைப்பு.

"இது அதைவிட வேகமாச்சே. இப்ப என்ன சொல்றது?"

அடைமொழி கண்ணை மூடினார். ஞானம் பிறந்தது.

"'இதற்கு மேல்தான் வேகமில்லை.' ஒரு 'தான்' சேர்த்தாப் போதும் சார்."

மேலாளர் எழுந்து வந்து கைகுலுக்கினார். அந்தத் 'தான்' அடைமொழியின் தலைக்கும் கொஞ்சம் ஏறியது.

விழாவில் அவருக்கு முன்வரிசை. பக்கத்தில் மச்சான், மனைவியின் ஒரே தம்பி, வீடியோ எடிட்டிங் கடைக்காரன். அத்தான் வாக்கை நம்பிப் போன வருஷத்து ப்ராசசரை வாங்கி, அத்தானின் வாசகத்தையே கடைப் பலகையிலும் எழுதி வைத்திருந்தான். பெரிய வேலை தருவதாகச் சொன்ன ஒரு படத் தயாரிப்பாளரையும் பெருமையாக அழைத்து வந்திருந்தான்.

மேடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். புதியது நாலு மூச்சில் வேலையை முடித்தது. போன வருஷத்தது வட்டம் சுற்றிக்கொண்டே கிடந்தது. அதன் தலையில் ஒரு அட்டை நத்தையை ஒட்டியிருந்தார்கள். நத்தையும் அடைமொழியின் யோசனைதான். அரங்கம் குலுங்கிச் சிரித்தது.

தயாரிப்பாளர் மெல்லக் குனிந்தார். "தம்பி, உங்க கடையில இருக்கிறது எது?"

மச்சானின் கண் மேடையில் இருந்த நத்தையின் மேல் போனது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்று தயாரிப்பாளர் எழுந்து போனார். யோசிக்கப் போகிறவர்கள் அவ்வளவு வேகமாக நடப்பதில்லை.

"என்ன அத்தான் இது? என் பொழப்பே சந்தி சிரிக்குதே!"

"தொழில்நுட்ப வளர்ச்சியை யாராலும் தடுக்க இயலாதுடா," என்றார் அடைமொழி, தான் எழுதிய பத்திரிகைச் செய்தியின் கடைசிப் பத்தியிலிருந்து. "பேசாமப் புதுசை வாங்கிடு."

"வாங்குறேன். நீங்க வீட்ல வச்சிருக்கிறது எது? அதையாவது சொல்லுங்க."

"என்னோடதா? அது ஆதி காலத்துது. நல்லாத்தான் ஓடுது."

"அப்ப நீங்க ஏன் மாத்தல?"

அடைமொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உரிமையோடு மச்சானின் தோளில் கை போட்டார்.

"விளம்பரத்தைப் பார்த்து வாங்குற ஆளாடா நான்?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. மச்சான் தன் தோளில் இருந்த கையை எடுத்து, அத்தானின் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.