தட்டு நகர்ந்த தூரம்

கண்டியில் பெரிய பையன்களுக்கு அட்சரகணிதம் படிப்பித்த இராமையா மாஸ்டருக்கு, உலகத்தில் பயமில்லாத ஒரே பொருள் அந்த எக்ஸ், வை கணக்குதான். மற்ற எல்லாம் பயம். வாவிக்கரைக் குரங்கு பயம், இன்ஸ்பெக்டர் பயம், இடி பயம். எல்லாவற்றுக்கும் மேலே சம்சாரம் வடிவம்மா பயம்.

அந்த அம்மாள் கத்த மாட்டாள். கத்தித் தொலைத்தாலும் தேவலை! சனிக்கிழமை பின்னேரம் சிநேகிதன் ராஜலிங்கம் வீட்டில் சீட்டு விளையாடிவிட்டு மாஸ்டர் பிந்தி வந்தால், சோற்றுத் தட்டை மேசையில் வைத்து ஒரு விரலால் தள்ளுவாள். தட்டு எதிர்ப்பக்கம் நகர்ந்து போகும். கொஞ்சம் பிந்தினால் கொஞ்சத் தூரம், நிறையப் பிந்தினால் நிறையத் தூரம். கதிரையை விட்டு எழும்பவும் தைரியமில்லாமல், மனுஷன் மேசைமேல் குப்புறக் கவிழ்ந்து தட்டை இழுப்பார்.

ஒருநாள் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"ஒருநா இது அந்தப் பக்கம் விழத்தான் போகுது."

"விழுந்தா?"

"மறுநாளே எங்கண்ணனை இங்க வந்து குடியிருக்கச் சொல்லிருவேன்."

அண்ணன் பல்லேகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி. அவர் மீசையைப் பார்த்தே மலையில் ஆட்கள் மளமளவென்று கொழுந்து பறிப்பார்கள். அந்த மீசை தினமும் காலையில் தன் வீட்டில் கோப்பி குடிப்பதை நினைத்தார் மாஸ்டர்.

சீட்டை விட்டுவிடலாமே என்பீர்கள். நீங்கள் சொல்வீர்கள், விளையாடுகிறவனுக்கல்லவா தெரியும். எவ்வளவு பிந்தினால் தட்டு விழும்? அது தெரிந்தால் அதற்குக் கொஞ்சம் முன்னால் வந்துவிடலாம். கணக்கு வேறு எதற்கு இருக்கிறது?

பள்ளிக்கூடத்திலிருந்து கட்டத் தாளும் அடிமட்டமும் வந்தன. பிந்திய நேரம் கிடையாக, தட்டு போன தூரம் நிலையாக, சனிக்கு ஒரு புள்ளி. வடிவம்மா ரசம் எடுக்கத் திரும்பும் அந்த ஒரு நொடியில் அடிமட்டத்தை வைத்து அளக்க வேண்டும். புள்ளிகளைச் சேர்த்தார். நேர்கோடு! தன் பெண்டாட்டிக்கும் ஒரு சமன்பாடு இருக்கிறது என்று கண்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கோடு பூச்சியத்தில் தொடங்கவில்லை என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது. நேரத்துக்கு வந்தாலும் தட்டு அரைச் சாண் தள்ளித்தான் நின்றது. பிந்தாதவன்மேல் என்ன கோபம்? யோசித்துப் பார்த்து, தன்னைக் கலியாணம் முடித்த கோபமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

மேசை விளிம்புக்கு இன்னொரு கோடு இழுத்தார். இரண்டும் வெட்டிய இடத்துக்கு நேர்கீழே பார்த்தால், ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம். அதற்குமேல் ஒரு கை போட்டாலும் மீசை வந்துவிடும்.

நல்ல காலம், ஒரு சனி வழியில் முஹைதீன் நானா கடையில் அல்வா வாங்கிப் போனார். தட்டு பாதித் தூரம்கூடப் போகவில்லை. அடுத்த சனியும் அப்படியே. கோடு சாய்வு மாறாமல் கீழே இறங்கிவிட்டது. விளிம்பை வெட்டும் இடம் எங்கேயோ தள்ளிப் போய்விட்டது. பிறகென்ன! பிந்தப் பிந்தப் பொட்டலத்தைப் பெரிதாக்கினார். ஆட்டமும் நடந்தது, குடும்பமும் நடந்தது.

கார்த்திகை மாதத்தில் ஒரு சனி. கொட்டுகிற மழை. மாஸ்டர் என்றுமில்லாமல் பிந்திவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் நானாவின் கடை பூட்டு.

தெருவில் நின்றே மனசுக்குள் கோட்டை நீட்டிப் பார்த்தார். அல்வா இல்லாத கோடு. இன்றைக்குத் தட்டு விளிம்பில் நிற்காது, சுவரில் போய் மோதும். அழுகை வந்தது. வீட்டுக்குள் பூனை மாதிரி நுழைந்து, விழுகிற தட்டைப் பிடித்துக்கொள்ளலாம் என்று மேசையின் எதிர்ப்பக்கக் கதிரையில் உட்கார்ந்தார்.

"அல்வா எங்க?" என்றாள் வடிவம்மா, தட்டும் கையுமாக.

"கடை... மூடிட்டாங்க."

அவள் சுற்றி வந்து தட்டை அவர் மூக்குக்கு நேராக வைத்தாள். தள்ளவேயில்லை. மாஸ்டருக்கு இருந்த உயிரும் போய்விட்டது.

"கோவம் இல்லையா?"

"தள்ளி என்ன பிரயோசனம்? கடைதான் மூடியாச்சே."

"வெளங்கல."

"நீங்க அடிமட்டம் வச்சு அளந்தன்னிக்கே பாத்துட்டேன். எவ்வளவு தள்ளுனா எவ்வளவு அல்வா வருதுன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். பாதித் தூரம் தள்ளுனா ஒரு ராத்தல்."

"அப்ப ஒங்கண்ணன்?"

"அவரு வந்தா நமக்கு மிஞ்சுமா?"

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஈரமான தாளை எடுத்து விரித்து, மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பினார். இப்போது தள்ளிய தூரம் கிடை, வரும் அல்வா நிலை. அதே கோடுதான். அவளுடைய அச்சில் நின்று பார்த்தால் இன்னும் நேராகவே தெரிந்தது.

வடிவம்மா சோற்றில் ரசம் ஊற்றினாள்.

"அடுத்த சனிக்கிழமை எந் தங்கச்சி வர்றா, ரெண்டு ராத்தல் வேணும். அதுக்கு எவ்வளவு லேட்டா வரணும்னு நீங்களே கோடு போட்டுப் பாத்துக்குங்க."