தேங்காயைத் தொட்ட மீனவப் பிள்ளைகள்

ரசனை அதிகமுள்ளவனிடம் குழந்தைகளுக்கான எந்த வேலையையும் ஒப்படைக்கக் கூடாது. இதற்கு நானே சாட்சி.

திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு முதல் வேலை. நாலைந்து வயதுப் பிள்ளைகள் சொற்கள் கற்கும் செயலிக்குத் திரை வடிவமைக்க வேண்டும். வெளிர்சாம்பல் பின்னணி வைத்தேன். சுண்டுவிரல் நகமளவு படங்கள். சரியான விடைக்கு வீணையில் ஒரு மீட்டல். (பிள்ளைகளின் ரசனையை உயர்த்துகிறேனாம்.) தவறான விடைக்கு மட்டும், வெட்கப்படட்டுமே என்று, திரை நிறைய ஓர் எருமை வந்து கத்தும். நல்ல ஒலிப்பதிவு கிடைக்காததால் குளியலறையில் நின்று நானே கத்திப் பதிவு செய்தேன்.

சோதித்துப் பார்க்க, காரோடு என்ற ஊரில், கடலுக்குப் பக்கத்தில் அக்கா வேலை பார்க்கும் அங்கன்வாடிக்குப் போனேன். முதலாளியும் கூடவே வந்தார். இது தேறினால்தான் வேலை நிரந்தரம்.

"மீன் எங்கே?" என்று கேட்டது டேப்லெட். கடலுக்குப் போகும் வீட்டுப் பெண் அனிஷா நிதானமாகத் தேங்காயைத் தொட்டாள். எருமை கத்தியது. பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அடுத்தவனும் தேங்காய். அதற்கடுத்தவளும் தேங்காய். தெரியாத்தனமாக மீனைத் தொட்டுவிட்ட ஒருவனை எல்லோரும் சேர்ந்து இடத்தைவிட்டு எழுப்பிவிட்டார்கள்.

முதலாளி கவலையோடு கேட்டார். "கடற்கரைப் பிள்ளைகளுக்கு மீன் தெரியாதா?"

அனிஷா அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "தெரியும் மாமா. அது சாள மீனாக்கும். மீன விட்டுட்டு தெற்றா அமுக்கினாத்தானே எரும வரும்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "எருமை பிரமாதம். எங்கே வாங்கினாய்?"

அக்கா முந்திக்கொண்டாள். "வாங்கினதொண்ணும் இல்ல சார். இவனுக்க சொந்த சத்தமாக்கும்."

அதற்குப் பிறகு பிள்ளைகள் விடுவார்களா? "ஒருக்கா கத்திக் காட்டும் மாமா." இஸ்திரி போட்ட சட்டையோடு, முதலாளி முன்னால் கத்தினேன். ஏழு தடவை.

வேலை நிரந்தரமானது. படங்கள் உள்ளங்கையளவு பெருத்தன. எருமையைச் சரியான விடைக்கு மாற்றி, வீணையைத் தவறான விடைக்குத் தள்ளினேன். அதன் பிறகு தேங்காய்ப் பக்கம் ஒரு பிள்ளையும் போகவில்லை.

பின்னாளில் என் கல்யாணத்தில் தாலி கட்டிய நொடி, அந்த அங்கன்வாடிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த முன்வரிசையிலிருந்து கூட்டமாக எருமைச் சத்தம். வெலவெலத்துப்போன பெண்வீட்டாரை அக்கா தேற்றினாள். "பயப்படாண்டாம். சரியான உத்தரம் சொன்னா வரக்கூடிய சத்தமாக்கும்."

முழுக்கதையும் தெரிந்துகொண்ட என் மனைவி, எங்களுக்குள் சண்டை வரும்போதெல்லாம் அமைதியாக ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள்.

"அண்ணைக்கு அந்தப் பிள்ளைகள் கத்தினது, நீங்க மாத்தினதுக்கு முந்தின எருமையா, பொறவுள்ள எருமையா?"