மூளைக்கு இரண்டு பேர்

மூளையாக யார் இருப்பது என்பதில்தான் முதல் சண்டை வந்தது.

"தோட்டத்துக்கே தலைவர் நான்தான். தலை இருக்கிற எடத்துலதானே மிஸ் மூளையும் இருக்கணும்?" என்றார் தொழிற்சங்கத் தலைவர் வேலாயுதன்.

"நீங்க சங்கத்துக்குத் தலைவர். கோயில் கமிட்டிக்கு நான் தலைவர்" என்றார் சண்முகராசா. "மேடை கோயில் மேடை. மைக் செட் கோயில் மைக் செட். நான் மூளையா இல்லாட்டி மைக்கும் இல்ல, ஹரியா?"

தனுஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தெஹியோவிட்டைக்கு மேலே இருந்த அந்த இறப்பர்த் தோட்டத்துக்கு நலன்புரி உத்தியோகத்தராக வந்து அவளுக்கு இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் நாடகம் போடத் துணிந்தது தப்போ என்று ஒரு நொடி தோன்றியது. மறு நொடியே அந்த நினைப்பை உதறிவிட்டாள். நாடகம் நடந்தே தீரவேண்டும்.

காரணம் இருந்தது. நீரிழிவுக்காரர்களின் கால்களைப் பார்ப்பதற்காகப் போன முறை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குழு வந்தது. வந்த நோயாளிகள் மூன்றே பேர். ஒருவர் பூச்சி மருந்து கேட்டார். இன்னொருவர் லீவுக்கு மெடிக்கல் துண்டு கேட்டார். மூன்றாமவர் மழைக்கு ஒதுங்கியவர். புறப்படும்போது தாதி மஸீஹா ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: "அடுத்த தடவையும் ஆள் வராட்டி, மிஸ், நாங்க வேற தோட்டத்துக்குப் போயிடுவோம். எங்களுக்கும் வேல இருக்கு."

தனுஜா தொழிலாளர் வீடுகளுக்கு லயம் லயமாக ஏறி இறங்கினாள். எல்லா வாசலிலும் ஒரே பதில்தான்.

"வலிக்கலியே மிஸ்! வலிச்சா வராமலா இருப்போம்?"

வலிக்காததுதான் ஆபத்து என்பதை அவளால் யார் தலையிலும் ஏற்ற முடியவில்லை. மேல் டிவிஷனில் ஒருவர் உள்ளங்காலில் கண்ணாடித் துண்டோடு ஒரு வாரம் இறப்பர்ப் பால் வெட்டப் போய், கடைசியில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்தார். இனி இந்தத் தோட்டத்தில் ஒரு விரல்கூடப் போகக் கூடாது என்று அன்றைக்கே தனுஜா முடிவு செய்துவிட்டாள். பேச்சென்றால் ஒருவரும் வரமாட்டார்கள், நாடகமென்றால் வருவார்கள். பரிசோதனைக் குழு வரும் நாளிலேயே நாடகம். மனிதர்களே நரம்புகள். முதல் காட்சியில் நல்ல கால்: குத்தியதும் செய்தி நரம்பு வழியே ஓடும், கால் விலகும், மூளைக்கும் தெரியும். இரண்டாவது காட்சியில் சுகர் வந்த கால்: நடுவில் நரம்பு செத்துப்போய்ச் செய்தி நின்றுவிடும். இவ்வளவுதான் கதை. இதற்கா இத்தனை பாடு?

"மூளைக்கு ரெண்டு பக்கம் இருக்கு" என்றாள் தனுஜா. "நீங்க வலது பக்கம், தலைவர். ஐயா, நீங்க இடது பக்கம். ரெண்டு பேருமே மூளைதான்."

வலது பக்கம் கிடைத்ததில் வேலாயுதனுக்குப் பரம திருப்தி. இடது மூளைதான் உடம்பின் வலது பக்கத்தைக் கவனிக்கிறது என்று தனுஜா விளக்கும்வரை அது நீடித்தது.

"அப்ப வலது காலு அவரு பேச்சத்தான் கேக்குமா?"

"ஆமா."

"எனக்கு வெறும் இடது காலுதானா?"

முதலில் இடது காலையே குத்துவதாக வாக்குக் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தினாள்.

மூளைக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்களே தவிர, காலாக இருக்க ஒருவரும் முன்வரவில்லை. சபையில் போய் 'நான்தான் கால்' என்று நிற்பதா என்று ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள். கடைசியில் பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த இராமையாதான் கையைத் தூக்கினார்.

"நான் காலா இருக்கிறேன் மிஸ். காலையில இருந்து நடக்கிறவன்தானே. உக்காந்திருக்கிற வேஷம்னா நல்லதுதான்."

காலிலிருந்து போகும் நரம்பு லோஜினி. அவிசாவளையில் கார்மென்டில் வேலை செய்யும் பெண், சும்மா பார்த்தாலே சிரிப்பாள். முதுகெலும்புக்குள் ஓடும் பெரிய நரம்புக் கத்தை சீதாதேவி.

"அதுக்குப் பேரு முண்ணாண்" என்றாள் தனுஜா.

"முண்ணாணா? யாரையோ திட்டுற மாதிரியில்ல இருக்கு?" என்றாள் சீதாதேவி. ஆனாலும் வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. இராமையாவின் இரண்டு கணுக்காலிலும் கயிறு கட்டி, நுனிகளை அவள் கையில் கொடுத்தாள் தனுஜா. லோஜினி தோளைத் தட்டினால் சீதாதேவி உடனே கயிற்றை இழுத்துக் காலை விலக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மூளைக்குச் செய்தி போகும்.

"அது எப்படி?" என்று பாய்ந்தார் வேலாயுதன். "தலைமையோட கலந்து பேசாம கீழ உள்ளவங்க முடிவெடுக்கிறதா?"

"முள்ளு குத்தினா கூட்டம் கூட்டிப் பேச நேரமில்ல, தலைவர். முண்ணாண் தானே காலை இழுத்துடும். மூளைக்குப் பொறகுதான் தெரியும். ஒடம்பு அப்படித்தான்."

"அப்ப அந்த ஒடம்ப மாத்தணும்" என்றார் அவர்.

ஒத்திகை, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நடந்தது. தனுஜா பேனாவை நீட்டி முழுதாகக் குனிவதற்குள்ளேயே இராமையா "ஐயோ!" என்றார்.

"அண்ணே, நான் இன்னும் தொடவே இல்லியே!"

"வருதுன்னு தெரிஞ்சிச்சே மிஸ்."

பார்த்துவிட்டுக் கத்துவது கள்ளாட்டம். அவருடைய துண்டாலேயே அவர் கண்ணைக் கட்டினாள். மறுபடியும் பேனா. இந்த முறை இராமையா கல்லுப் பிள்ளையார்போல உட்கார்ந்திருந்தார். லோஜினி கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"அண்ணே, ஐயோ சொல்லணும்!"

"ஆ! இப்பவா? ஐயோ!"

மேடை ஏறிப் பழக்கமில்லாத மனிதர், எப்போது வாயைத் திறப்பதென்று தடுமாறுகிறார் என்று தனுஜாவுக்குப் புரிந்தது. நாடகக்காரர்களுக்குச் சமிக்ஞை வேண்டும்.

"சரி, குத்தும்போது நான் மெதுவா இருமுவேன். இருமல் கேட்டதும் கத்துங்க."

அவ்வளவுதான், எல்லாம் வழிக்கு வந்தது. இருமல், ஐயோ, தோளில் தட்டு, கயிறு, மூளை. நான்கு தடவை பிசகாமல் நடந்தது. தனுஜா அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

நாடக நாளன்று கோயில் முற்றம் நிரம்பி வழிந்தது. தலைவர் நடிக்கிறார் என்று சங்கத்து ஆட்கள் ஒரு பக்கம், கமிட்டி ஐயா நடிக்கிறார் என்று கோயில் ஆட்கள் மறுபக்கம். கடைவீதியிலிருந்து முக்தார் நானா கடலைத் தட்டோடு வந்துவிட்டார். முன்வரிசையில் ஆஸ்பத்திரிக் குழு. தாதி மஸீஹா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றை மட்டும் தனுஜா யோசிக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க விடாத மழை. தோட்டம் முழுக்கச் சளி, தடிமன்.

இராமையா கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு காலையும் முக்காலியில் நீட்டி உட்கார்ந்தார். எல்லாருக்கும் தெரியட்டும் என்று பேனாவுக்குப் பதிலாகக் கொதிநீரில் போட்டெடுத்த கோணி ஊசியை உயர்த்திக் காட்டினாள் தனுஜா. "இது வேலாயுதன் தலைவருடைய இடது கால்" என்று மைக்கில் அறிவித்தாள். சங்கத்தார் கை தட்டினார்கள்.

மூன்றாவது வரிசையில் யாரோ இருமினார்கள்.

"ஐயோ!" என்றார் இராமையா.

லோஜினி தட்டினாள், சீதாதேவி இழுத்தாள். ஊசி இன்னும் தனுஜாவின் தலைக்கு மேலேதான் இருந்தது.

"தோழர்களே!" என்று மைக்கைப் பிடித்தார் வலது மூளை. "எமது காலுக்கு இழைக்கப்பட்ட இந்த அநீதியை வன்மையாகக் கண்டிக்கிறோம்!"

"இன்னும் குத்தல, தலைவர்!" என்று தனுஜா கிசுகிசுத்தாள். அதற்குள் வேறு இரண்டு பேர் இருமினார்கள். "ஐயோ! ஐயோ!" சீதாதேவி ஒரு வேலையைச் செய்தால் முழுமனதோடு செய்கிறவள். இரண்டு கயிற்றையும் சேர்த்து இழுத்ததில் இராமையா நாற்காலியோடு மேடையில் ஒரு முழம் நகர்ந்தார்.

"வலது காலு என்னோடது! என் உத்தரவு இல்லாம எப்படி நகரும்?" என்று எழுந்தார் இடது மூளை.

"பேச்சுவார்த்தை முடியிற வரைக்கும் எந்தக் காலும் அசையாது!" என்றார் வலது மூளை.

சிரித்த சிரிப்பில் தடிமன்காரர்களுக்கு இருமல் கூடியது. இருமல் கூடக்கூட இராமையா கத்தினார். அவர் கத்தக்கத்த சீதாதேவி இழுத்தாள். கடைசியில் நாற்காலி இல்லாமல் கால் மட்டும், அதாவது இராமையா மட்டும், சீதாதேவியின் மடியில் வந்து விழுந்தார்.

"அனே, பவ்! பாவம், மனுசன விடு புள்ள!" என்று ஒரு கிழவி கூட்டத்திலிருந்து கத்தினாள்.

தாதி மஸீஹா எழுந்து சேலையைச் சரிசெய்தாள். "மிஸ், நாங்க அப்ப வெளிக்கிடவா? தெரணியகலையிலயும் ஒரு கிளினிக் இருக்கு."

தனுஜாவின் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் அவள் அழப் பிறந்தவள் அல்ல. இரண்டு மூளைகளின் கையிலிருந்தும் மைக்கைப் பிடுங்கினாள்.

"ஒரே ஒரு நிமிஷம் இருங்க, சிஸ்டர். எல்லாரும் கேளுங்க! இனி யாராவது இருமினா நான் இந்தத் தோட்டத்த விட்டே போயிடுவேன்!"

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. இராமையாவைத் தூக்கி மறுபடி நாற்காலியில் உட்காரவைத்து, அவர் காதருகே குனிந்தாள்.

"இருமல மறந்துடுங்க அண்ணே. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நெசமாவே ஊசி பட்டாத்தான் கத்தணும். பட்ட ஒடனே கத்தணும். வெளங்குதா?"

"நல்லா வெளங்குது மிஸ்" என்று இராமையா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த முறை பிசகக் கூடாதென்று அவரும் தீர்மானித்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

தனுஜா இடது பாதத்தில் ஊசியை வைத்தாள். இராமையா அசையவில்லை.

கொஞ்சம் அழுத்தினாள். அசையவில்லை. பழையபடி பயந்துவிட்டாரா? வீம்பா? அவளுக்குக் கோபம் வந்தது. வலது பாதத்துக்கு மாறினாள். அங்கேயும் வைத்தாள், அழுத்தினாள். லோஜினி சிரிக்க மறந்து நின்றாள். சீதாதேவி கயிற்றைப் பிடித்தபடி லோஜினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் இருமலை அடக்கிய முகங்கள் எல்லாம் சிவந்து வீங்கியிருந்தன. இரண்டு மூளைகளும் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு ஒரே இடத்தை உற்றுப் பார்த்தன.

தனுஜா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு தடவை அழுத்தினாள். குதிகாலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் முக்காலியில் விழுந்தது.

அவள் கை அப்படியே நின்றது. மேடை ஓரத்துக்கு ஓடிவந்த மஸீஹாவின் கையும் பாதி வழியில் நின்றது.

கண்ணைக் கட்டிய துண்டோடு, கத்துவதற்குத் தயாராகத் திறந்து வைத்திருந்த வாயை ஒரு தடவை மூடித் திறந்து, இராமையா பொறுமையாகக் கேட்டார்:

"என்னாங்க மிஸ், இன்னும் குத்தலியா?"