அட்வான்ஸ் பாயும் ஆகஸ்ட் இருபத்து மூணும்

உலகத்தில் எல்லாரும் நடந்ததைத்தான் டைரியில் எழுதுவார்கள். நடக்கப்போவதை நடந்து முடிந்ததாகவே எழுதிவிட்டு, அப்புறம் அதன்படி வாழ்ந்து காட்டிய ஒரே மனுஷன் எங்கள் அட்வான்ஸ் பாய்தான். அறுபதுகளின் தொடக்கத்தில், அண்ணாமலை நகர் லாட்ஜ் ஒன்றில் நானும் அவரும் அடுத்தடுத்த ரூம். ரெண்டு பேருக்கும் கடலூரில் குமாஸ்தா உத்தியோகம், தினமும் ரயில்.

டிசம்பர் கடைசி வாரம் லீவு போட்டுவிட்டு, புது டைரியோடு ரூமுக்குள் உட்கார்ந்துவிடுவார். "வர்ற வருஷம் என்ன பண்ணலாம்னு யோசிக்கிறீங்களா பாய்?" என்று கேட்டால் போச்சு.

"பண்ணலாம், பாக்கலாம்னு எழுதினவன் எவன் உருப்பட்டான்? பண்ணிட்டேன்னு எழுது மச்சான். மானத்துக்குப் பயந்தாவது பண்ணுவே."

'ஜனவரி ஏழு: சிகரெட்டை விட்டேன்' என்று எழுதினார், விட்டார். 'மார்ச் ஒன்பது: மழையில் நனைந்தேன்' என்று ஒரு பக்கம். சளிக்குப் பயந்து சின்ன வயசிலிருந்தே நனையாத மனுஷனாம், அப்படி ஒரு ஆசை. அன்றைக்குப் பார்த்து மண்டையைப் பிளக்கிற வெயில். சாயங்காலம் வரைக்கும் வானத்தைப் பார்த்தார். அப்புறம் போட்ட சட்டையோடு கிணத்தடியில் போய் நின்று, "ஊத்து மச்சான், ஜாஸ்தியா ஊத்து" என்றார். ஆறு வாளி ஊற்றினேன்.

அதுவரை எனக்குச் சிரிப்புதான். அது நின்றது மே அஞ்சாம் தேதி. 'இன்று லாட்ஜ் ஓனர் சிரித்தார்' என்ற பக்கத்தைக் காலையிலேயே என்னிடம் காட்டினார். ஓனர் பல்லை எவனும் பார்த்ததில்லை; பாக்கி இல்லாதவனைக்கூட முறைக்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்த மனுஷன் வாசலுக்கு வந்தார். ஆளே இல்லாத ரோட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன் சிரிச்சேன்னு எனக்கே தெரியலப்பா" என்று எங்களிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்திருந்தது. பாய் டைரியில் ஒரு டிக் அடித்துவிட்டுத் தூங்கப் போனார்.

அப்புறம் எனக்கு அந்த டைரி மேல் பயம், கூடவே ஒரு நப்பாசை. என் கல்யாணம் எந்தத் தேதி என்று பார்க்கலாமே! ஜூலையில் ஒரு நாள், அவர் குளிக்கப் போன நேரம் புரட்டினேன். 'ஆகஸ்ட் இருபத்திரண்டு: கடலூரிலிருந்து திரும்பி வந்தேன்.' அதற்கு மேல் ஒன்றுமில்லை. டிசம்பர் முடிய வெறும் தாள்.

"பாய்... மிச்சம் எங்கே?"

ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "அதுக்கு மேல வரல மச்சான். பேனாவ வெச்சா கை நவுரல. மூணு நாள் உக்காந்து பாத்தேன்."

மனுஷன் போய்ச் சேரப் போகிறார் என்றே முடிவு கட்டிவிட்டேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி ரயிலில், வெள்ளாற்றுப் பாலம் தாண்டுகிறவரை அவர் பெல்ட்டைப் பிடித்த பிடி விடவில்லை. "விடு மச்சான், பேண்ட்டு அவுந்துடப் போவுது! எல்லாரும் பாக்குறாங்க!" பத்திரமாக லாட்ஜுக்கு வந்தோம். அவர் முகம் கழுவப் போன நிமிஷத்தில் டைரியை எடுத்து, மறுநாள் பக்கத்தில் கோணல்மாணலாக எழுதினேன்: 'காலையில் மச்சானோடு டீ குடித்தேன்.'

விடிந்ததும் என் கதவை யாரோ தட்டினார்கள். திறக்கப் பயமாக இருந்தது. திறந்தேன். பாய் நின்றார், கையில் ரெண்டு கிளாஸ்.

"எழுத்து சகிக்கல. ஆனா எழுதியாச்சே, குடிக்காம இருக்க முடியுமா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் டீயை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: "ஒரு நாளைக்குத்தான் எழுதினியா? நாளைக்கு நான் என்னடா பண்ணுவேன்?"

ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு, டிசம்பர் முப்பத்தொன்று வரை உட்கார்ந்து எழுதினேன். எனக்கு ஏது அவ்வளவு கற்பனை? டீ, டீ, டீயோடு மசால்வடை. எனக்குக் காய்ச்சல் கொதித்த அன்றும் வடையோடு வந்து நின்றார், பாவி.

வருஷக் கடைசியில் பினாங்கிலிருந்து அவர் அண்ணன் கூப்பிட, கப்பலேறிவிட்டார். போகும்போது என் மேஜையில் ஒரு புது டைரியை வைத்துவிட்டுப் போனார். ஜனவரி ஒன்றாம் தேதி காலை, நாமும் ஏதாவது எழுதலாம் என்று திறந்தேன். எழுத இடமே இல்லை. பக்கத்துக்குப் பக்கம், அவர் கையெழுத்தில் ஒரே வரி: 'இன்னிக்கும் மச்சான் நல்லா இருந்தான்.'

மடமடவென்று புரட்டினேன். அது லீப் வருஷம். பிப்ரவரி இருபத்தொன்பதைக்கூட மனுஷன் காலியாக விடவில்லை.