உலகத்துக்கே ஒரு கன்றுக்குட்டி

சட்டத்தை முழுதாகப் படித்தவர்களால் ஊருக்குப் பெரிய கெடுதி வருவதில்லை. முதலாம் வருடத்தோடு வீட்டுக்கு வந்து நிற்பவர்களைத்தான் கட்டிவைக்க வேண்டும். (நான் அப்படி வந்து நின்றவள். ஒருவரும் கட்டிவைக்கவில்லை.)

எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு கொழும்பில் என் சட்டப் படிப்பு நின்றது. அப்பாவுக்கு நாட்டின் தெற்கே ஒரு கடை இருந்தது. அந்த யூலைக்குப் பிறகு அதுவும் இல்லை. ஆக, அடுத்த வருடம் எங்கள் ஊரான சுருவிலில், எங்கள் வீட்டில் வேலையில்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர், வாழ்நாள் முழுவதும் வாய்ச்சொல்லிலேயே வியாபாரம் செய்தவர். மற்றவர், ஒப்பந்தச் சட்டத்தில் மட்டும் நல்ல புள்ளி எடுத்துவிட்டு, அதை யார் மேலாவது பிரயோகிக்கத் துடித்துக்கொண்டிருந்தவர். அம்மாவுக்கு மட்டும் வேலை இரட்டித்திருந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் சிவப்பி காணாமற் போனாள். இன்றோ நாளையோ கன்று போடவிருந்த மாடு. கடை போன பிறகு வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே சொத்தும் அவள்தான். அம்மா அழுதா. அப்பா தம்பியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வேலணை வரை தேடிப் போனார். நான் பேனையை எடுத்தேன்.

ஒப்பந்தம் என்றால் ஒருவர் முனைய வேண்டும், மற்றவர் ஏற்க வேண்டும். இது முதற்பாடம். “நீ இதைச் செய், நான் அதைத் தருகிறேன்” என்று சொல்வது முனைவு. அதை ஓர் ஆளிடம்தான் சொல்ல வேண்டுமென்று இல்லை. உலகம் முழுவதற்கும் சொல்லலாம். எவர் செய்து முடிக்கிறாரோ அவர் ஏற்றுக்கொண்டவர் ஆவார். விரிவுரையில் இதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. (மற்றப் பெண்களுக்கு அந்த வயதில் மயிர்க்கூச்செறிய வேறு காரணங்கள் இருந்தன.)

எழுதி முடித்ததை அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். “இவ்வுலகிலுள்ள எவரேனும் எமது சிவப்பு நிறப் பசுவை எமது வளவில் கொண்டுவந்து ஒப்படைப்பாராயின், அது ஈனும் கன்று அவருக்கே உரித்தாகும்.”

“ஏன் பிள்ளை உலகத்துக்குச் சொல்லுறாய்? சுருவில் காணாதோ?”

“சட்டத்திலை அப்பிடித்தான் அப்பா.”

“நெத்தியிலை வெள்ளை இருக்கெண்டு போடு. ஒரு கொம்பு வளைவெண்டும் போடு.”

“அதெல்லாம் விபரம் அப்பா. முனைவுதான் முக்கியம்.”

சங்கக்கடைச் சுவரிலும், வாசிகசாலையிலும், கோயில் வாசலிலும் ஒட்டினேன். அது போதாதென்று ஊர்காவற்றுறை இறங்குதுறை வரை போய் அங்கேயும் ஒன்று ஒட்டினேன். உலகம் அந்த வழியாகத்தான் வரும் என்பது என் எண்ணம்.

வந்தது.

அடுத்த நாள் காலை படலையைத் திறந்த அம்மா, “ஐயோ!” என்றா. ஒழுங்கை முழுக்கச் சிவப்பு மாடுகள். கிழட்டு மாடு, மலட்டு மாடு, இடைநடுவில் ஒரு நாம்பன் காளை. (“நாம்பன் எப்பிடி அண்ணை கண்டு போடும்?” என்று கேட்டேன். “நோட்டீசிலை சிவப்பெண்டுதானே கிடந்தது?” என்றார் கொண்டுவந்தவர்.) அனலைதீவிலிருந்து ஒருவர், வழியில் அகப்பட்ட மாட்டை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மாட்டுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் உடுத்திருந்த சாரத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“இது எங்கடை மாடு இல்லை அண்ணை. எங்கடை மாட்டுக்கு நெத்தியிலை வெள்ளை.”

“அதை நீர் எழுதேல்லையே, தங்கச்சி.”

அம்மா அவரைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சோறு போட்டா. சாப்பிட்டவர் எங்கள் சாய்மனைக் கதிரையில் படுத்து நித்திரையாகிவிட்டார். மற்றவர்கள் வாதாட, மாடுகள் அம்மாவின் கத்தரிப் பாத்திக்குள் இறங்கின. வெயில் ஏற, அந்த மாடுகளின் உண்மையான சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். “என்ரை மாட்டைக் களவெடுத்து லோயர் வீட்டிலை கட்டியிருக்கு!” என்று ஒருவர் ஒழுங்கையில் நின்று ஊரைக் கூட்டினார். (படிப்பு பாதியில் நின்றாலும் ஊருக்கு நான் லோயர், அதாவது வழக்கறிஞர்.) நான் கதிரையொன்றில் ஏறி நின்று, “எல்லாரும் அமைதியா இருங்கோ, முதலிலை முனைவு எண்டால் என்னெண்டு சொல்லுறன்” என்று தொடங்கினேன். நாம்பன் கதிரையை முட்டியது. சட்ட விரிவுரை அத்தோடு முடிந்தது.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. பார்வதி மாமி. எல்லை வேலியை இரண்டு கதியால் தள்ளி நட்டது யார் என்ற வழக்கில் எங்கள் வீட்டோடு வருடக் கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. சிவப்பியைத் தேடி ஊரெல்லாம் விசாரித்த நாங்கள், அந்த ஒரு வீட்டில் மட்டும் கேட்கவில்லை. மாமியும் எங்களோடு பேசவில்லை. தன் சேவலோடு பேசினா.

“எடேய், உந்தச் சனத்துக்குச் சொல்லு, அவையின்ரை மாடு என்ரை கொட்டிலுக்கை கண்டு போட்டிருக்கு. கத்திறதை விட்டிட்டு வந்து அவிட்டுக்கொண்டு போகட்டாம். தாயும் பிள்ளையும் சுகமாம்.”

அம்மா அந்த இடத்திலேயே கைகூப்பினா. விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். எந்தப் புத்தியுள்ள பெண்ணும் வாயை மூடியிருப்பாள். நான் கதிரையை நிமிர்த்தி, மறுபடியும் ஏறி, வேலிக்கு மேலால் தலையை நீட்டினேன்.

“மாமி, கண்டு உங்களுக்குச் சேராது.”

மாமி சேவலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தா. “ஆர் பிள்ளை கண்டு கேட்டது?”

“இல்லை மாமி, மாட்டைக் கொண்டுவந்து தாறவைக்குக் கண்டெண்டு நோட்டீஸ் போட்டனாங்கள். ஆனா உங்களுக்கு அது தெரியாது. முனைவு தெரியாத ஆள் அதை ஏற்க ஏலாது. அதுதான் சட்டம்.”

“ஓகோ. கொண்டுவந்து தந்தால் கண்டு எனக்கோ?”

“ஓம். ஆனா உங்களுக்குத் தெரியாதே!”

“இப்பத் தெரியும்.”

மாடுகள்கூட மெல்லுவதை நிறுத்தியதாக எனக்கு ஞாபகம். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். கடை போனதிலிருந்து அவர் முகத்தில் நான் சிரிப்பைக் கண்டதில்லை. அன்றைக்கு அது மீசைக்குக் கீழே மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது.

“பிள்ளை,” என்றார், “மாடு இன்னும் அவவின்ரை கொட்டிலுக்கைதானே நிக்குது? நீ சொல்லித் தெரிஞ்ச பிறகு கொண்டுவந்து தந்தால், அது ஏற்பு இல்லையோ?”

“அப்பா, நீங்கள் எந்தப் பக்கம்?”

“நான் சட்டத்தின்ரை பக்கம்.”

சனம் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் அனலைதீவு அண்ணை எழும்பி, என்னவென்று தெரியாமலே தானும் தட்டினார். மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கன்றைக் கொட்டிலிலேயே விட்டுவிட்டு, சிவப்பியை ஒழுங்கையால் சுற்றி நடத்தி வந்து, அவளின் கயிற்றை அப்பாவின் கையில் கொடுத்தா. “இந்தாரும்” என்றா. அத்தனை வருடத்துக்குப் பிறகு அவர்களுக்கிடையில் நடந்த முதல் பேச்சு அதுதான்.

ஒப்பந்தச் சட்டம் எனக்குச் சொல்லித்தராத ஒன்றை அன்று பின்னேரம் சிவப்பி சொல்லித் தந்தாள். கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் மாடு பால் சுரக்காது. இந்தப் பக்கம் தாய் கத்த, அந்தப் பக்கம் கன்று கத்த, நடுவில் வழக்குப் பேசிய வேலி. அம்மா செம்போடு நின்று என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தச் சட்டத்திலும் பரிகாரம் இல்லை.

கடைசியில் அப்பாதான் கத்தியோடு போய் வேலியில் கன்று நுழையுமளவுக்கு ஒரு பொட்டு வெட்டினார். மாமி மறுபக்கத்தில் நின்று ஓலையைப் பிடித்துக் கொடுத்தா. கன்று அந்தப் பொட்டுக்குள்ளால் பாய்ந்து வந்து தாயின் மடியில் முட்டியது. அதற்குப் பிறகு காலைப் பால் எங்களுக்கு, மாலைப் பால் மாமிக்கு. இதற்கு ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை, நான் எழுதித் தருகிறேன் என்று கேட்டும்கூட. வேலி வழக்கு எப்போது கைவிடப்பட்டது என்று எனக்குத் தெரியாது. அம்மாவும் மாமியும் அந்தப் பொட்டடியில் நின்று கதைக்கத் தொடங்கினால் உலை பொங்கி அடுப்பு நூர்ந்துபோகும்.

அது பசுக்கன்று. நியாயம் கதைத்து வந்த கன்று என்பதால் மாமி அதற்கு ‘லோயர்’ என்று பெயர் வைத்தா. லோயர் வளர்ந்து, சுருவிலில் எந்த வேலியையும் மதிக்காத மாடாக வந்தாள். “லோயரைப் பிடியுங்கோ!” என்று ஒழுங்கையில் யாராவது கத்தினால் நானும் திடுக்கிட்டு எழும்புவேன்.

சில வருடங்களின் பின் நான் கொழும்புக்குத் திரும்பிப் போய், ஒருவாறு படித்து முடித்தேன். பெறுபேறு வந்த அன்று அப்பா பொட்டடிக்கு ஓடிப்போய் அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாராம்.

“பார்வதியக்கா! எங்கடை பிள்ளை லோயரா வந்திட்டாள்!”

மாமிக்கு அப்போது காது கொஞ்சம் மந்தம். கையில் கிடைத்த தடியைத் தூக்கிக்கொண்டு கொட்டிலிலிருந்து ஓடி வந்தாவாம்.

“லோயர் வந்திட்டாளோ? ஆரின்ரை தோட்டத்துக்கை?”

இன்றைக்கும் ஏதாவது வழக்குக்காக நான் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுகிறேன் என்றால், கனடாவில் இருக்கும் தம்பி தொலைபேசியில் முதலில் கேட்பது, “ஆரின்ரை தோட்டத்துக்கை?” என்பதைத்தான்.