துரையைக் கொன்றவன் பெயர் தெரியாமல் கப்பல் ஏறாதே

மஞ்சூர்,
ஆடி மாதம், 1984

ஹட்டனில் இருக்கும் அன்பு மச்சான் அழகையாவுக்கு, உன் அக்காள் புருஷன் தங்கையா எழுதுவது. இங்கே நானும் தெய்வம்மாவும் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் சின்னம்மையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை.

பாஸ்போர்ட் வந்துவிட்டது, இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். அதைப் பிறகு பேசலாம். அதைவிட அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது.

டீக்கடை பொன்ராஜ் ஒரு டிவி வாங்கி, சவுக்கு மர உச்சியில் ஆன்டெனா கட்டினார். அதில் உங்கள் நாட்டு மர்மத் தொடர் ஒன்று வந்து விழுந்தது. உங்கள் நாடு என்று எழுதவே கை கூசுகிறது, எனக்கும் அதுதானே நாடாக இருந்தது. எஸ்டேட் பங்களாவில் துரை செத்துக் கிடக்கிறார், சமையல்காரன், டாக்டர், கணக்குப்பிள்ளை மூவர் மேலும் சந்தேகம், அவ்வளவும் சிங்களத்தில். சிங்களம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எனக்கு முன்பெஞ்சு, ஓசி டீ. பனிமஞ்சு இறங்கிப் படம் மங்கினால் கடையே மூச்சுவிடாமல் காத்திருக்கும். தெய்வம்மா மட்டும் கொலையைப் பார்க்கவில்லை, பின்னால் தெரிந்த நம் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் ராஜாவாக இருந்தேன், மச்சான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை செத்த இடத்தில் யாரோ உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். அடுத்த வாரமும் பாட்டுத்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் தொடரை நிறுத்திவிட்டார்கள்.

"ஏனுங்க, கொன்னது ஆருங்க?" என்றார் பொன்ராஜ். தெரியாது என்றேன். "இத்தன சிங்களம் பேசிப்போட்டு தெரியாதுன்னா எப்படிங்க?" என்று கேட்டு, ஓசி டீயை நிறுத்திவிட்டார். எங்கள் லைன் வீட்டில் இருக்கும் வேலாயி தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "கொழுந்து நிறுவையில கை வைக்கிறவன் கழுத்துல வைக்க மாட்டானா? கணக்குப்பிள்ளதான்." பெண்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதோடு விட்டார்களா? எங்கள் கணக்குப்பிள்ளை நல்லசாமி நிறுவை போட வந்தால், தனியாக யாரும் கிட்டே போவதில்லை. அவர் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க தங்கையா, ஊட்டுல என்ற சம்சாரமே ஒரு மாதிரி பாக்குறாளுங்க. எல்லாம் நீங்க சொன்ன கதையால வந்ததுங்க" என்றார். மறுநாளிலிருந்து எனக்கு, ரத்தம் குடிக்கும் அட்டைக்காட்டில் செடி வெட்டும் கவ்வாத்து வேலை. கொலைகாரன் வேறு ஆள் என்று நிரூபிக்கும்வரை அங்கேதானாம்.

ஆகவே நீ உடனே கொழும்புக்குப் போய், தொடர் எடுத்தவர்களைக் கண்டுபிடித்து, கொன்றது யார் என்று கேட்டு எழுது. பெயர் தெரியாமல் கப்பல் ஏறாதே.

பெரியவர்களுக்கு வணக்கம், மருமக்களுக்கு முத்தம்.

இப்படிக்கு,
தங்கையா

பி.கு.: இதைத் தெய்வம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். போன வருஷம் அங்கே நடந்த கலவரத்திலிருந்து அவள் சரியாகத் தூங்குவதில்லை. "சொல்லாமக் கொள்ளாம படத்த நிப்பாட்டினவங்க, கப்பல மட்டும் சொல்லிட்டா நிப்பாட்டப் போறாங்க?" என்று கேட்டாள். மச்சான், கொழும்புப் பக்கமே போகாதே. துரையை யார் கொன்றால் என்ன? அடுத்த கப்பலில் எல்லோரும் ஏறிவிடுங்கள். நான் அட்டைக்காட்டிலேயே இருந்துகொள்கிறேன்.